கொப்பரைக்குப் போகாத ஆடு

ஷெர்காசி வாசலில் குதிரையைக் கட்டும்போதே சைகலுக்குப் புரிந்துவிட்டது, இந்த மனுஷன் சும்மா வரவில்லை என்று. கூடப் பிறந்த தம்பி மூன்று வருஷமாக மாஸ்கோவில் யார் யார் வீட்டுச் சுவருக்கோ பூச்சு பூசிக்கொண்டு கிடக்கிறானே, அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் சாப்பிட்டார்களா, இல்லையா என்று ஒரு நாள் எட்டிப் பார்த்திருப்பாரா? மாட்டார். மகனுக்குக் கல்யாணம் என்றதும் தம்பி வீட்டு வழி தானாக ஞாபகம் வந்துவிட்டது.

வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா? சைகல் விரிப்பைப் போட்டாள், ரொட்டியைப் பிய்த்து வைத்தாள், தேநீரைக் கிண்ணத்தில் பாதிக்கு ஊற்றி நீட்டினாள். எங்கள் ஊரில் மரியாதை என்றால் பாதிக் கிண்ணம்தான். பாதி பாதியாக ஊற்றினால் இன்னும் உட்காருங்கள் என்று அர்த்தம்.

ஷெர்காசி சுற்றி வளைக்கவில்லை. மாதக் கடைசியில் விருந்து, நானூறு பேர், பாட்டுக்காரர்கள் நரின் டவுனிலிருந்து வருகிறார்கள், மூன்று குதிரை அறுக்கப் போகிறோம் என்று வரிசையாக அடுக்கினார். தம்பி வீட்டு மொய் ஒரு குதிரை என்றார். குதிரை இல்லை என்றாள் சைகல். கடன் வாங்கு, வட்டிக் கம்பெனிக்காரன் நாளைக்கே வந்து கொடுப்பான் என்றார். வாங்க மாட்டேன் என்றாள். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தொழுவத்தைப் பார்த்தார்.

"சரி, சொந்தமாச்சேன்னு எறங்கி வரேன். குதிரை வேணாம். அங்க பத்து ஆடு நிக்குதுல்ல, அதுல ஆறு பெட்டையை ஓட்டி விடு. விருந்துக் கொப்பரைக்கு ஆச்சு."

"அது என் ஆடு இல்ல அத்தான். அஜாரோடது."

அவர் சிரித்தார். பதினொரு வயசுப் பிள்ளைக்கு என்ன சொத்து, ஆடு தின்கிற புல் யார் புல், படுக்கிற தொழுவம் யார் தொழுவம் என்று கேட்டார்.

"முதல் ஆட்டை அவளுக்குக் குடுத்ததே நீங்கதான். காதை வெட்டுனது உங்க கத்தி. நீங்களே மறந்தா எப்படி?"

அது உண்மை. அஜார் முதல் அடி வைத்த நாளில், எங்கள் வழக்கப்படி காலில் கட்டிய கறுப்பு வெள்ளை நூலை அறுத்துவிட்டு, பெரியப்பா என்ற முறையில் இந்த ஷெர்காசிதான் ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்து, ஊருக்கு முன்னால் அதன் இடக் காதில் குறி வெட்டி, "இது என் தம்பி மகளுக்கு, இதுக்குப் பொறக்கறதும் அவளுக்கு" என்று சொன்னார். அப்படிப் பிள்ளை பேருக்கு விட்ட ஆட்டைப் பெற்றவன் தொட மாட்டான், கொடுத்தவனும் தொட மாட்டான். இது சைகலின் கிறிஸ்தவ சபைக்காரர்கள் கண்டுபிடித்த சட்டம் இல்லை, எங்கள் முப்பாட்டன் காலத்து வழக்கம்.

ஷெர்காசி அதைக் காதில் வாங்காத மாதிரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்களை அனுப்பட்டுமா, நீயே ஓட்டி வருகிறாயா என்று கேட்டார். சைகல் கையை நீட்டினாள். அவர் கிண்ணத்தை வாங்கினாள். தேநீரை ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள், விளிம்பில் தளும்பும்வரை நிரப்பி இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தாள். முழுக் கிண்ணம் வைத்தால் எழுந்து போகலாம் என்று அர்த்தம். கணவனின் அண்ணனுக்கு ஒரு பெண் முழுக் கிண்ணம் வைத்ததை எங்கள் தெரு அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

அவர் அதைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அந்த ஆறு ஆட்டில் என்ன இருக்கிறது, கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மாமனார் செத்து ஒரு வருஷம் ஆனதற்கு வைத்த விருந்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் கடன் வாங்கிக் குதிரை அறுத்தார்கள். ஊர் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுப் போய்விட்டது. அந்தக் கடனை அடைக்கத்தான் சைகல் புருஷன் அகில்பெக் மாஸ்கோ போனான். "ஒரே வருஷம் கண்ணு, அப்பா வந்துடுவேன்" என்று எட்டு வயது அஜாரிடம் சொல்லிவிட்டுப் போனான். நடுவில் ஒரு தடவை வந்தான், மகள் அவனிடம் ஒட்டுவதற்குள் திரும்பிப் போய்விட்டான். கடன் இந்தக் கோடையோடு தீர்கிறது, செப்டம்பரில் வருகிறான். வந்தவன் இங்கேயே இருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஏதாவது வருமானம் வேண்டும். இல்லாவிட்டால் பனி உருகியதும் மறுபடியும் மூட்டையைக் கட்டுவான்.

அதற்கு வழி கண்டுபிடித்தது சைகல் இல்லை, அஜார்தான். ஆறு ஆட்டை விற்றால் ஒரு கறவை மாடு வரும், பால் வண்டி பெரிய ரோட்டில் தினமும் நிற்கிறது, அப்பா கறப்பார், நான் கொண்டுபோய் ஊற்றுவேன் என்று போன குளிர்காலத்திலேயே சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து அந்த ஆடுகள் வெறும் ஆடுகள் இல்லை. அவள் அப்பன் வீட்டுக்குத் திரும்பும் வழியே அதுதான்.

பிள்ளைக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்றால், அம்மாவிடமிருந்துதான். சைகலும் அகில்பெக்கும் கர்த்தரிடம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. மசூதிக்குப் போகிற ஊர் அவர்களை "பாப்திஸ்ட்" என்று கூப்பிடும். வாயில் எதையோ வைத்துத் துப்புகிற மாதிரிச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சைகல் வீட்டு முன்னறையில் பதினைந்து பேர் கூடி ஜெபிப்பார்கள், பின்னறையில் அவள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். படம் காட்டிக் கதை சொல்கிற பாடம் மட்டும் இல்லை. வசந்தம் வந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாளி விதை உருளைக்கிழங்கு கொடுப்பாள். இது உங்களுடையது இல்லை, கர்த்தருடையது, உங்கள் கையில் ஒப்படைத்திருக்கிறது, பனி விழுவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன் என்பாள். முதலில் கொடுக்கிறது, அப்புறம் விதைக்கு எடுத்து வைக்கிறது, கடைசியில்தான் தின்கிறது. எஸென் என்கிற பொடியன் அன்று சாயங்காலமே பாதி வாளியை வறுத்துத் தின்றுவிட்டு வந்து நின்றான். அவனை அவள் திட்டவில்லை. அடுத்த பாதி வாளிக்கு அவன் ஒரு வாரம் சாணம் சுமந்தான்.

இன்னொரு பிள்ளையின் வாளியிலிருந்து அவள் அம்மாவே நாலு கிழங்கை எடுத்துச் சூப்பில் போட்டுவிட்டாள். சைகல் அந்த வீட்டுக்கே போய், பிள்ளை கையில் ஒப்படைத்ததை அம்மாவே ஆனாலும் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அதை அஜாரும் கூட நின்று கேட்டாள்.

ஆடு இந்த வசந்தத்தில் பத்து ஆனதும், பத்தில் ஒன்று கர்த்தருக்கு என்று அஜார் தானாகவே சொன்னாள். நொண்டுகிறதே, அதைக் கொடுத்துவிடலாமா என்று சைகல் வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தாள். பிள்ளைக்கு மூக்கு விடைத்துவிட்டது. நொண்டியைக் கொடுக்க அவர் என்ன சந்தை வியாபாரியா என்று கேட்டாள். நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள இரண்டு வயதுப் பெட்டை, மந்தையிலேயே நல்ல ஆடு, அதைத்தான் காட்டினாள். ஆனால் கர்த்தர் ஆடு தின்ன மாட்டாரே, யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். யார் பேரைச் சொன்னால் உனக்கு நெஞ்சு கனக்கிறதோ அவர்களுக்குக் கொடு, அவசரம் இல்லை என்றாள் அம்மா. பிள்ளை அதை யோசித்துக்கொண்டே இருந்தாள்.

முழுக் கிண்ணத்துக்குப் பதில் மறுநாள் காலையிலேயே வந்தது. எங்கள் தெருவில் ஆடுகளைத் தனித்தனியாக யாரும் மேய்ப்பதில்லை. விடியற்காலையில் எல்லா வீட்டு ஆடும் பாலத்தருகே கூடும், அன்று எந்த வீட்டு முறையோ அவர்கள் மொத்தமாக மலைக்கு ஓட்டிப் போவார்கள். அஜார் தன் பத்தையும் ஓட்டிக்கொண்டு போனபோது, முறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உங்கள் ஆட்டைச் சேர்க்க வேண்டாம் என்று ஷெர்காசி வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றார். அவர் மேலும் தப்பில்லை, அவர் வீட்டுக்குத் தண்ணீர் வருவதே ஷெர்காசி வயல் வழியாகத்தான். அன்றிலிருந்து பிள்ளை தனியாகவே மேய்த்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் தப்பித்தார்கள்.

கடையில் ஓரகத்தி, ஷெர்காசி பெண்டாட்டி புர்மாகான் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் ரொட்டி வாங்க நிற்கிறார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினாள். பாப்திஸ்ட் ஆனதும் கஞ்சத்தனமும் சேர்ந்துகொண்டதா என்றாள். பிறகு குரலை இறக்கி, உண்மையாகவே கவலைப்படுகிறவள் மாதிரிக் கேட்டாள்:

"என் கொழுந்தன் அந்த ஊர்ல சாரத்துலேருந்து விழுந்து செத்தா, பொட்டிய எங்கடி எறக்குவ? குழி தோண்ட ஒருத்தன் வருவானா? யோசிச்சியா?"

சைகல் ரொட்டிக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்தாள். சபைக்காரர் ஒருவருக்குப் பக்கத்துக் கிராமத்தில் புதைக்க இடம் கொடுக்கவில்லை, பெட்டியோடு ஒரு நாள் முழுக்க அலைந்தார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அன்று சாயங்காலம் கணவனுக்குப் போன் பண்ணினாள். அகில்பெக் நல்லவன்தான், ஜெபிக்கிறவன்தான், அண்ணன் பேரைக் கேட்டால் மட்டும் பணிந்துவிடுவான். குடுத்துடு சைகல், வேற என்ன பண்ண முடியும், நான் இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வரேன் என்றான். அந்தப் பக்கம் யாரோ அவனை வேலைக்குக் கூப்பிட்டார்கள், போன் அறுந்தது.

முழுக் கிண்ணம் வைத்த பெண் அத்தோடு உடைந்தாள். வெளியிலிருந்து அடித்தால் தாங்குவாள். உள்ளேயிருந்து கணவனே கதவைத் திறந்துவிட்டால் யார்தான் என்ன செய்வது?

ஞாயிறு காலை, வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், சைகல் தொழுவத்துக்குப் போய் ஆறு பெட்டைகளின் கழுத்திலும் கயிறு போட்டாள். ஷெர்காசி வீடு தெருக்கோடியில்தான். பிள்ளை எழுந்திருப்பதற்குள் விட்டுவிட்டு வந்துவிடலாம், அப்புறம் எப்படியாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தாள். கயிறுகளை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு திரும்பினால், படலின் குறுக்கே அஜார் நிற்கிறாள். அப்பாவின் பழைய கோட்டை மேலே போட்டிருந்தாள், காலில் செருப்பில்லை.

அஜார் அழவில்லை. அழுதிருந்தால் சைகலுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னம்மா, கேட்டுட்டு எடுக்கறியா, கேக்காம எடுக்கறியா?"

சைகல் தரையைப் பார்த்துக்கொண்டு, உனக்கு இதெல்லாம் புரியாது, பெரியவங்க விவகாரம், அடுத்த வருஷம் ஆறுக்கு ஆறு நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

"அப்பாவும் ஒரு வருஷம்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

பிள்ளை படலை விட்டு நகரவில்லை. ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. சைகலுக்கு முகம் எரிந்தது. ஊராருக்குப் பயந்து, பிள்ளை தூங்கும்போது பிள்ளையின் ஆட்டைத் திருட வந்திருக்கிறேனே, இன்னும் மூன்று மணி நேரத்தில் ஐந்து பிள்ளைகள் வந்து பின்னறையில் உட்காரும், அவர்கள் முகத்தைப் பார்த்து எந்த வாயால் பாடம் சொல்வேன் என்று நினைத்தாள். கயிற்றைக் கீழே போட்டாள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் நெஞ்சில் ஏதோ திரும்பி வந்து உட்கார்ந்தது.

பத்து மணிக்கு ஷெர்காசியின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். முன்னறையில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சைகல் படலருகே போய், ஆடு வராது, குதிரையும் வராது, கடனும் வாங்க மாட்டேன், விருந்துக்கு மட்டும் வருவோம், கூப்பிட்டிருக்கிறார்கள் அல்லவா என்று சொல்லி அனுப்பினாள். அன்று மத்தியானமே கணவனுக்கும் போன் போட்டாள்.

"நான் குடுக்கலைங்க. குடுக்கப் போறதும் இல்ல. உங்க அண்ணன் கேட்டா என் பேரைச் சொல்லுங்க. உங்களுக்குப் பொட்டி வந்தா குழிய நானே தோண்டறேன், ஆனா நீங்க உசிரோட வந்து இறங்கணும், செப்டம்பர்ல."

அந்தப் பக்கம் அகில்பெக் சிரித்தான். மூன்று வருஷத்தில் அவள் போனில் கேட்ட முதல் சிரிப்பு அது.

விருந்துக்கு முந்தின வாரம் அஜார் ஆற்றோரம் மேய்த்துக்கொண்டிருந்தபோது, ஷெர்காசி வீட்டுப் புதுமருமகள் பெர்மெத் தண்ணீர் எடுக்க வந்தாள். கல்யாணப் பதிவும் நிக்காவும் முடிந்து பெண்ணை அழைத்து வந்துவிட்டார்கள், ஊர் விருந்துதான் பாக்கி. பத்தொன்பது வயது, தலையில் வெள்ளை முக்காடு, அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கிறவள். ஆட்டுக்குட்டி ஒன்றைத் தடவிக்கொடுத்தபடி இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். விருந்து முடிந்த மறு வாரமே அவள் புருஷன் ரஷ்யாவுக்குக் கிளம்புகிறானாம். விருந்துக்கு வாங்கின கடன் இருக்கிறதல்லவா? அஜார் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, அந்தப் பத்தாவது ஆடு யாருக்கு என்று தெரிந்துவிட்டது என்றாள். அவள் சொன்ன பேரைக் கேட்டதும் சைகல் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டுக்கா, நம்மை மந்தையிலிருந்து தள்ளின வீட்டுக்கா என்று வாய்வரை வந்தது. ஆடு தன்னுடையது அல்லவே என்று விழுங்கிவிட்டாள்.

விருந்து அன்று ஷெர்காசி வீட்டு வாசலில் மேஜை மேஜையாக விரிந்து கிடந்தது. கொப்பரைகளில் கறி வெந்துகொண்டிருந்தது, பொரித்த மாவு உருண்டை மலையாகக் குவிந்திருந்தது, நரின் பாட்டுக்காரர்கள் காது கிழியப் பாடினார்கள். சைகல் ஒரு கூடை ரொட்டியோடு போனாள். உட்கார இடம் கொடுத்தவர்கள் ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்தில் கொடுத்தார்கள். நல்லதாகப் போயிற்று, காற்று வந்தது.

மைக்கில் அறிவிக்கிற மைக்காரன் ஒருவனை டவுனிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். வீட்டு வழக்கு எதுவும் அவனுக்குத் தெரியாது. மொய் வைக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மாமன் வீடு ஒரு குதிரை, சம்பந்தி வீடு ஒரு குதிரை, கம்பளம், பணம் என்று முழங்கிக்கொண்டிருந்தான். அப்புறம் அகில்பெக் வீடு என்றான். நானூறு தலையும் வாசல் பக்கம் திரும்பியது. புர்மாகான் பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சைகல் எழுந்திருக்கவில்லை. எழுந்தது அஜார்.

அவள் வெளியே போய், வெள்ளை நெற்றிப் பெட்டையைக் கயிற்றில் பிடித்து, மேஜைகளுக்கு நடுவே நேராக நடத்திக்கொண்டு வந்தாள். ஆடு விரிப்பிலிருந்த ரொட்டியைப் பார்த்து மூக்கை நீட்டியது. நாலு பேர் சிரித்தார்கள். ஷெர்காசிக்கும் சிரிப்புதான். வழிக்கு வந்தார்கள் பார்த்தீர்களா என்கிற சிரிப்பு. பையன்களைக் கூப்பிட்டு, இதையும் பின்னால் கொண்டுபோங்கள், ராத்திரிக் கொப்பரைக்கு ஆகும் என்றார்.

அஜார் கயிற்றை விடவில்லை.

"இது கொப்பரைக்கு இல்ல பெரியப்பா. பெர்மெத் அண்ணிக்கு. எங்கிட்ட பத்து ஆடு இருக்கு, பத்தாவது கர்த்தரோடது. அதை அண்ணிக்குக் குடுக்கறேன். இதுவும் இதுக்குப் பொறக்கறதும் அவங்களுக்கு. அறுக்கக் கூடாது, கடனுக்கும் குடுக்கக் கூடாது."

பாட்டுக்காரன் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஷெர்காசியின் கழுத்து சிவந்தது. விளையாடுகிறாயா, போய் அம்மாவிடம் உட்கார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"காதுல குறி நீங்கதான் வெட்டணும். எனக்கு நீங்கதான வெட்டுனீங்க."

அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. டவுன் மைக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்ததெல்லாம் கண்ணீர் வரவழைக்கிற நல்ல காட்சி கிடைத்துவிட்டது என்பது மட்டும்தான். அகில்பெக் வீட்டுச் சின்னப் பெண், புது அண்ணிக்கு உயிரோடு ஒரு சொத்து, மாமனார் தன் கையாலேயே குறி வெட்டுகிறார், கை தட்டுங்கள் என்று மைக்கில் அலறினான். நானூறு பேரும் கை தட்டினார்கள். நன்றாக இருப்பான் அந்த மைக்காரன்.

ஷெர்காசிக்கு வேறு வழி இல்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். இடக் காதில் அஜாரின் பழைய குறி இருந்தது. அவர் வலக் காதைப் பிடித்து, நுனியில் ஒரு வெட்டு வெட்டினார். சொல்ல வேண்டிய வார்த்தையை விழுங்கப் பார்த்தார். மைக்காரன் மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனான். "இது என் மருமகளுக்கு. இதுக்குப் பொறக்கறதும் அவளுக்கு" என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பெர்மெத் மணப்பெண்ணுக்குக் கட்டின திரைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றிருந்தாள். அஜார் போய்க் கயிற்றை அவள் கையில் கொடுத்தாள்.

கிளம்பும்போது புர்மாகான் வாசலில் மறித்தாள். ஒற்றை ஆட்டைக் காட்டி ஊரை ஏமாத்திட்டீங்களே, நல்லா இருக்கு உங்க சாமர்த்தியம் என்றாள்.

"ஒத்த ஆடுதான் அக்கா," என்றாள் சைகல். "ஆனா கடனில்லாத ஆடு. உங்க வாசல்ல இன்னிக்கு அது ஒண்ணுதான் அப்படி."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சபையில் ஒருவர் பிறகு சொன்னார். சொல்லட்டும். கடையில் நாலு பேர் முன்னால் நின்று அவர் கேட்டாரா அந்தப் பேச்சை?

அகில்பெக் செப்டம்பரில் வந்து இறங்கினான். ஒன்பது ஆட்டில் ஆறை அஜார் அட்-பாஷி சந்தையில் நின்று பேரம் பேசி விற்றாள், அப்பன் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிவப்பு மாடு ஒன்று வந்தது. முதல் வாரம் அவனுக்குக் கறக்கவே வரவில்லை, மாடு இரண்டு தடவை வாளியை உதைத்தது. பிள்ளை திட்டத் திட்டக் கற்றுக்கொண்டான்.

நவம்பரில், தரை இறுகிய நாளில், கடன் கம்பெனியின் வண்டி ஷெர்காசி வீட்டு வாசலில் வந்து நின்றது. மகன் ரஷ்யாவிலிருந்து அனுப்பின பணம் வட்டிக்கே போதவில்லை. அண்ணன் வீடு அல்லவா, அகில்பெக் ஓடினான், பின்னாலேயே சைகலும் அஜாரும் போனார்கள். இரண்டு மாட்டையும் ஆடுகளையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் இடிக்கிறது என்று கம்பெனி ஆள் தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தான். மூலையில் வெள்ளை நெற்றிப் பெட்டை வயிற்றில் குட்டியோடு நின்றது. அதைக் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்றான். ஷெர்காசி போய் அதன் கயிற்றைப் பிடித்தார்.

உள்ளேயிருந்து பெர்மெத் வந்தாள். எங்கள் ஊரில் புதுமருமகள் மாமனார் முன்னால் வாய் திறக்க மாட்டாள். வந்து ஐந்து மாதமாக அவள் குரல் எப்படி இருக்கும் என்று அஜாரைத் தவிர தெருவில் யாருக்கும் தெரியாது. மாவு ஒட்டிய கையோடு வந்து, ஆட்டுக்கும் மாமனாருக்கும் நடுவில் நின்றாள்.

"அது என்னோடது மாமா. நீங்கதான் வெட்டுனீங்க."

ஷெர்காசி அப்படியே நின்றார். கம்பெனி ஆள் குனிந்து ஆட்டின் வலக் காதைத் தூக்கிப் பார்த்தான். அவனும் இந்த மலையில் பிறந்தவன்தான், அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். நிமிர்ந்து ஷெர்காசியைப் பார்த்து, யார் ஆடு இது என்று கேட்டான்.

ஷெர்காசி தம்பியைப் பார்த்தார், சைகலைப் பார்த்தார், கடைசியில் அஜாரைப் பார்த்தார்.

"மருமகளோடது," என்றார். கயிற்றை விட்டுவிட்டார்.

வண்டி போயிற்று. பெர்மெத் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஜார் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி அவளிடம் போனாள். நாளைக்கு பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டை ஓட்டிக்கிட்டு பாலத்துக்கிட்ட வந்துடுங்க அண்ணி, நம்ம ஆடுங்களை நாமளே மேய்ச்சுக்கலாம் என்றாள். தெரு மந்தையில் சைகல் வீட்டு ஆடுகளை இன்றுவரை சேர்க்கவில்லை. சேர்க்காவிட்டால் போகிறது. தனியாக ஓட்டிப் போகிற மந்தையில் பெர்மெத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீடு சேர்ந்து, இப்போது நாலு வீட்டு ஆடு இருக்கிறது.